கடைக்குக் கட்டும் சொத்து வரி எங்கே போகுது? ஒரே அடியா எகிறுவது ஏன்?

தெருவிளக்கு எரியணும், குப்பை அள்ளணும், கால்வாய் தூர்வாரணும். இதற்கெல்லாம் மாநகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருது? மாநில, மத்திய அரசுகள் தரும் நிதி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உள்ளாட்சி தானே வசூலிக்கும் வரி. அதில் முக்கியமானது சொத்து வரி. அதிலும் கடை, ஹோட்டல், மண்டபம் போன்ற வணிகக் கட்டடங்களுக்கு விகிதம் அதிகம்.

வரி எப்படிக் கணக்கிடப்படுது?

கட்டடத்தின் பரப்பளவு, தெருவின் மதிப்பு, வீடா கடையா என்ற பயன்பாடு. முக்கியமாக இவைதான் கணக்கு. அதனால் ஒரே தெருவில், ஒரே அளவில் இருந்தாலும் வீட்டை விட கடைக்கு வரி அதிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டும். இந்த வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகுது. பொது நூலகங்களுக்கான பணம் அது.

2022-ல் என்ன நடந்தது?

சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் வரி மாற்றப்படவே இல்லை. 2018-ல் உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2019-ல் நிறுத்திவைத்துவிட்டார்கள். இதற்கிடையே, சொத்து வரி வசூலை உயர்த்தினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. 2022 ஏப்ரலில் வணிகக் கட்டடங்களுக்குப் பழைய சென்னைப் பகுதியில் 150%, மற்ற மாநகராட்சிகளில் 100% உயர்வு அறிவிக்கப்பட்டது. 5,000 ரூபாய் கட்டிய கடைக்கு 10,000 ரூபாய்!

ஆனால் ஒரு கணக்கு இருக்கு. 14 வருஷத்தில் 100% என்றால், ஆண்டுக்குச் சுமார் 5% தான். சென்னையின் 24 வருஷத்துக்கு 150% என்றால், ஆண்டுக்கு 4% கூட இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டியது ஒரே நாளில் ஏறியதுதான் சிக்கல். 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி 6% உயர்வுக்குத் தீர்மானம் போட்டதும் இந்தப் பின்னணியில்தான்.

சுமை யார் தலையில்?

சட்டப்படி வரி கட்ட வேண்டியவர் கட்டட உரிமையாளர். நடைமுறையில் பல இடங்களில் அது வாடகையோடு சேர்ந்து கடைக்காரரிடம் வந்துவிடுது. வியாபாரம் நல்லா போகுதா, படுத்துடுச்சா என்று இந்த வரி பார்க்காது. நஷ்டத்தில் ஓடும் கடைக்கும் அதே தொகைதான்.

ஏய்ப்பு நடந்தால்?

2025-ல் மதுரை மாநகராட்சியில் ஊழியர்களின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி, வணிகக் கட்டடங்களின் வரியைக் குறைத்துப் பதிவு செய்ததாகப் புகார் வெடித்தது. பலர் கைது செய்யப்பட்டார்கள். 5 மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். பெரிய கட்டடம் கட்டாமல் விட்ட பணம் நேர்மையாகக் கட்டிய சின்னக் கடைக்காரரின் தெருவில்தான் குறையும். விளக்கு எரியாத கம்பமாகவும், அள்ளாத குப்பையாகவும் அது தெரியும்.

என்ன கவனிக்கணும்?

ரசீதில் பரப்பளவும் பயன்பாடும் சரியா என்று பாருங்க. வீடாக மாற்றிய இடம் இன்னும் கடை என்றே பதிவில் இருந்தால், கூடுதல் வரி போய்க்கொண்டே இருக்கும். தவறு இருந்தால் மாநகராட்சியில் மனு கொடுத்துத் திருத்தலாம். சென்னையில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

வரியைக் கூட்டும் தீர்மானம் உங்கள் கவுன்சிலர் உட்காரும் மன்றத்தில்தான் நிறைவேறுது. வசூலான பணம் நம்ம வார்டில் எதற்குச் செலவாச்சு என்று அவரிடமே கேட்கலாம்.