வாடகை வீடுதானே

"வாடகை வீடுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு?" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் சென்னையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் அம்மா. 1968இல் திருமணமாகித் திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்தவர். பிறகு சைதாப்பேட்டை, மேற்கு மாம்பலம் என்று ஏழு வீடுகள் மாறினார். ஏழு வீடுகளிலும் பரண்மேல் ஒரு சாக்குமூட்டை இருந்தது. அதற்குள் பாட்டி கொடுத்த இரண்டு குத்துவிளக்குகளும், திருமணத்துக்கு முன்பு அம்மா தன் கையால் பாசிமணி கோத்துச் செய்த கிளிப் படம் ஒன்றும் இருந்தன. சொந்த வீடு வந்ததும் மாட்டலாம் என்று அந்தப் படம் காத்திருந்தது.

சொந்த வீடு 1998இல் வந்தது, புறநகரில், இரண்டு படுக்கையறைகளுடன். அம்மா 2001இல் காலமானார். கிளிப் படம் முப்பது வருடம் சாக்கிலும் மூன்று வருடம் சுவரிலும் இருந்தது. அப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டை விற்றுப் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டோம். ஆக, சொந்த வீடு என்று எங்கள் குடும்பத்தில் ஒன்று இருந்தது மொத்தம் பதினோரு வருடங்கள். அதற்காக ஒத்திவைக்கப்பட்டது ஓர் ஆயுள்.

இதைச் சோகக் கதையாகச் சொல்ல வரவில்லை. அம்மா சந்தோஷமாகவே இருந்தார். ஆனால் அந்த வாக்கியத்தின்மீது எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. வாடகை வீட்டில் வசிப்பது வாழ்க்கையின் ஒத்திகை, உண்மையான வாழ்க்கை பத்திரப் பதிவுக்குப் பிறகே தொடங்குகிறது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

*

2012 முதல் மந்தைவெளியில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். எழுபதுகளின் இறுதியில் கட்டப்பட்ட கட்டடம். மூன்று தளங்கள், ஒன்பது வீடுகள், மின்தூக்கி கிடையாது. கருப்பும் வெள்ளையும் பச்சையுமாகச் சில்லுகள் பதித்த மொசைக் தரை, கோடையில் பாய் விரிக்காமல் படுக்கலாம். ஜன்னல்களுக்கு இன்னும் மரக்கதவுகள். பால்கனியை ஒட்டி ஒரு புங்கமரம். பிற்பகலில் கடற்காற்று திரும்பும்போது முதலில் அந்த மரத்துக்குத் தெரியும், பிறகு திரைச்சீலைக்கு, பிறகு எனக்கு. சற்றுத் தள்ளிப் பறக்கும் ரயில் போகும் ஓசை மணிக்கூண்டு இல்லாத குறையைத் தீர்க்கிறது.

குடிபுகுந்த அன்று சாவியைக் கொடுத்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மிகுந்த தயக்கத்துடன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "எல்லாம் உங்க வீடு மாதிரி வெச்சுக்கோங்க சார். ஆணி மட்டும் அடிக்காதீங்க."

இந்த ஒரு வாக்கியத்தில் நம் ஊர் வாடகை உறவின் முழுச் சுருக்கமும் இருக்கிறது. உங்கள் வீடு மாதிரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் தடயம் இருக்கக் கூடாது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் சென்னை வழக்கத்தின் பொருளும் அதுதான். நீங்கள் இங்கே வாழ்ந்ததை அழிப்பதற்கான கட்டணத்தை நீங்களே செலுத்துகிறீர்கள்.

நான் இரண்டு வருடம் ஆணி அடிக்கவில்லை. கிளிப் படம் அலமாரியில் இருந்தது. ஒருநாள் அதைத் தூசி தட்டும்போதுதான் உறைத்தது, நானும் அம்மாவின் சாக்குமூட்டையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, அம்மா செய்த படம், ஒரே ஓர் ஆணி என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா பண்ணதா? அடிச்சுக்கோங்க சார்" என்றார். கேட்டிருந்தால் முதல் வாரமே கிடைத்திருக்கும். தடை சுவரில் இருந்ததைவிட என்னிடம்தான் அதிகம் இருந்தது.

*

தமிழில் இது தொடர்பான சொற்கள் நம்மைவிடப் பெருந்தன்மை உடையவை. வாடகைக்கு இருப்பவரை நாம் குடியிருப்பவர் என்கிறோம். வாடகைக்குப் பழைய சொல் குடிக்கூலி. குடி என்பது குடும்பத்தையும் குலத்தையும் குறிக்கும் அதே சொல். உரிமையாளருக்கு இருப்பது வீடு. குடி இருப்பது குடியிருப்பவரிடம். திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் 'துச்சில்' என்று ஒரு சொல் வருகிறது. ஒதுங்கித் தங்கும் இடம் என்று பொருள். உயிர் உடம்பில் இருப்பதை வள்ளுவர் அப்படிக் குறிக்கிறார். அந்தக் கணக்கில் பார்த்தால் பத்திரம் வைத்திருப்பவரும் இல்லாதவரும் ஒரே வகைக் குடித்தனக்காரர்கள்தான்.

சடங்குகளும் இதை அறிந்தே வைத்திருக்கின்றன. சொந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா, ஹோமம், பசுவும் கன்றும். வாடகை வீட்டுக்கு அதெல்லாம் இல்லை. ஆனாலும் வெறுமனே பெட்டியோடு யாரும் நுழைவதில்லை. விடியலில் ஒரு பாத்திரத்தில் பால் காய்ச்சுகிறோம். அது பொங்கி வழிய வேண்டும், அடுப்பு நனைய வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வந்தவர் வீட்டிலும் பால் அதே உயரத்துக்குத்தான் பொங்குகிறது. இந்த எளிய சடங்கை ஏற்படுத்தியவர்கள் 'வாடகை வீடுதானே' என்று நினைத்தவர்களாக இருக்க முடியாது.

நம் இலக்கியத்திலும் நகரம் என்றால் பெரும்பாலும் வாடகை இடம்தான். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஜமுனாவும் சாயாவும் இருப்பது சொந்த வீட்டில் அல்ல. அந்தத் தெருவோடு அவர்களுக்கு ஏற்படும் உறவு பட்டாவால் வந்ததும் அல்ல, குழாயடியில் வந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டபோது அந்த நாவலை மீண்டும் படித்தேன். எங்கள் கட்டடத்தில் அப்போது லாரித் தண்ணீருக்கு முறைவைத்து விழித்திருந்தவர்களில் பாதிக்குமேல் குடித்தனக்காரர்கள். தரைத்தள வீட்டு மூதாட்டிக்கு இரண்டு மாதம் குடம் சுமந்தவர் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த இளைஞர். அவரும் அதற்கடுத்த வருடம் காலி செய்து போய்விட்டார். அவர் வாழ்ந்த இடத்தில் இப்போது புது வண்ணம் அடித்திருக்கிறது.

*

எதிர்வாதம் ஒன்று உண்டு. நண்பர் ஒருவர் அதைக் கடுமையாகவே சொன்னார். "புங்கமரத்தைப் பற்றி எழுதுகிறீர்களே, அந்த வீடு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று எழுதுங்கள்."

எழுத வேண்டியதுதான். புரோக்கர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி வாடகையைப் பற்றியது அல்ல. நான் யார், என்ன சாப்பிடுவேன் என்பது. இரண்டாவது கேள்வியில் முதல் கேள்வி மறைந்திருந்தது. நான் பதில் சொன்னேன், வீடு கிடைத்தது. அதே தெருக்களில் அதே வருடம் வீடு தேடிய என் அலுவலக நண்பர், ஒரு முஸ்லிம், ஒன்றரை மாதம் அலைந்து கடைசியில் வேறு பக்கம் போனார். 'சைவம் மட்டும்' என்ற பலகையை அவர் எத்தனை முறை படித்திருப்பார் என்று நான் அப்போது கேட்கவில்லை. தலித் நண்பர்களும் தனியாக வாழும் பெண்களும் சொல்லும் கதைகள் இதிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. அழகான பழைய அடுக்ககத்தின் அமைதி என்று நாம் ரசிப்பதில் ஒரு பங்கு, வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மௌனம். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதை இன்று பெருமையாக நினைக்க முடியவில்லை.

ஆனால் இந்த வாதம் என் கட்சியைப் பலவீனப்படுத்துவதாகத் தோன்றவில்லை. வாடகை வீட்டைத் தற்காலிகத் தங்கல் என்று கருதும் மனம்தான், அதை யாருக்கு மறுத்தாலும் பெரிய இழப்பில்லை என்றும் கருதுகிறது. வாடகை வீடும் ஒருவரின் முழு வாழ்க்கை நடக்கும் இடம் என்று ஒப்புக்கொண்டால், அதை மறுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் விளங்கும்.

*

சட்டம் இந்த விஷயத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போயிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவரைக் காக்க முனைந்தது. அதன் நிழலில் சொற்ப வாடகையில் உறைந்து, பழுதுபார்க்க ஆளில்லாமல் இடிந்த வீடுகளும் உண்டு, வம்பு வேண்டாம் என்று பூட்டி வைக்கப்பட்ட வீடுகளும் உண்டு. வீட்டுக்காரர்களின் அச்சத்தை முற்றிலும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் (2017ஆம் ஆண்டினது) பெரும்பாலானவற்றை ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் சரி என்றும் சேர்த்தே சொல்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் ஊரில், ஒப்புக்கொள்ளாமல் இருக்கும் தெம்பு யாருக்கு உண்டு?

ஜெர்மனியில் பாதிக்குமேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் வசிக்கின்றன. காலவரையறை இல்லாத ஒப்பந்தமே அங்கே வழக்கம். தகுந்த காரணமின்றி வீட்டுக்காரர் வெளியேற்ற முடியாது. சமையலறை அலமாரிகளையும் மேடையையும்கூடக் குடிவருபவரே கொண்டுவந்து பொருத்திக்கொள்வது பரவலாக உண்டு. அங்கும் பெருநகரங்களில் வீடு கிடைப்பது எளிதல்ல. ஆனாலும் வாடகைக்கு இருப்பதை வாழ்க்கையில் தோற்றதன் அடையாளமாக அவர்கள் பார்ப்பதில்லை. ஆணி அடிக்க அனுமதி கேட்கும் நாம், அடுப்பு மேடையைத் தூக்கிக்கொண்டு வீடு மாறுபவரைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

*

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்கக உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். ஒன்பதில் ஆறு. தூண்களில் கம்பி தெரிகிறது, மழைக்கு மாடி ஒழுகுகிறது. அவர்கள் முடிவில் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கான கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நடந்தது. ஒன்பது வீடுகளில் ஐந்தில் குடித்தனக்காரர்கள். எங்களில் யாரையும் கூப்பிடவில்லை. நாற்காலி குறைகிறது என்று மட்டும் கேட்டு வந்தார்கள். நான்கு நாற்காலிகள் கொடுத்தேன்.

வாக்கு உரிமையாளருக்கே என்பது புரிகிறது. ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஒரு கட்டடத்தில் எந்தக் குழாய் எப்போது சொட்டும், எந்தப் படியில் வயதானவர்கள் நின்று மூச்சு வாங்குவார்கள் என்று அறிந்தவர்களிடம் கேட்க ஒன்றுமே இல்லையா? எப்போது காலி செய்ய வேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிய வேண்டுமா என்றாவது கேட்டிருக்கலாம். பங்கு கேட்கவில்லை. ஒரு நாற்காலி நாங்கள் உட்காரவும் போட்டிருக்கலாம் என்கிறேன்.

வீட்டுக்காரர் அன்று மாலை அழைத்தார். "உங்களுக்கு ஆறு மாசம் டைம் இருக்கு சார். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். உண்மையாகவே சொன்னார் என்று நம்புகிறேன்.

மனைவி பால்கனித் தொட்டிகளுக்குப் புது மண் வாங்கலாமா என்று கேட்டாள். ஆறு மாதத்துக்கு எதற்கு என்று வாய்வரை வந்துவிட்டது. அந்தப் பழைய வாக்கியம்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு. வாங்கச் சொன்னேன். செம்பருத்தி மூன்று மாதத்தில் பூத்துவிடும், தொட்டியோடு கூடவே வரும். கிளிப் படம் இப்போதும் சுவரில்தான் இருக்கிறது, கடைசி நாள் வரை இருக்கும். அடுத்த வீட்டில் பால் காய்ச்சும் அன்றே, வீட்டுக்காரர் சாவியை நீட்டும்போதே, ஆணி அடிக்க அனுமதி கேட்டுவிடுவதாக இருக்கிறேன்.