எத்தீவுக்குப் போவது?

தாசேக் கெலுகோர் வட்டாரத்துத் தோட்டத் தமிழரும் டவுன் தமிழரும் ஒன்றுகூடி, வரும் பள்ளி விடுமுறையில் ‘இயற்கையும் பண்பாடும் காணும் தீவுப் பிரயாணம்’ ஒன்று நடத்துவதெனத் தீர்மானித்திருக்கின்றனர். அதற்கென அமைந்த குழுவில், கணக்கெழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியினால், கிராணி உத்தியோகம் பார்க்கும் யாமும் சேர்க்கப்பட்டோம். நல்ல காரியமே. ஆண்டு முழுதும் செம்பனைக் குலைகளை எண்ணியும், கடைக் கல்லாவில் காசை எண்ணியும் காலங் கழிக்கும் ஜனங்கள் நான்கு நாள் கடற்காற்று வாங்குவதைக் குறை சொல்வார் யார்? பிரயாணத்தின்மேல் எமக்கு வழக்கில்லை. அது போகும் திசையின்மேல்தான் வழக்கு.

முதற் கூட்டத்தில் மேசைமேல் வர்ணப் படத்தாள்கள் பரப்பப்பட்டன. லங்காவி, பாலி, மாலத்தீவு. எத்தாளைப் புரட்டினாலும் ஒரே காட்சி: சாய்ந்த தென்னை, வெண்மணல், நீலநீர். மனிதர் இல்லை. இருப்பின், வெள்ளுடுப்பணிந்து கையில் இளநீர்த் தட்டேந்தி நிற்கும் ஓர் ஏவலாள். பண்பாடு எங்கே என்று வினவினோம். “இரவுச் சாப்பாட்டின்போது நடனம் உண்டு” என்றார் ஓர் அன்பர். ஒரு ஜனசமூகத்தின் பண்பாடு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாகிவிட்டது போலும்!

இப்பார்வை நமக்கு எங்கிருந்து வந்தது? ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எமக்கு விடை தெரியும். 1719 இல் வெளியான ‘ராபின்சன் குரூசோ’ என்னும் கதையை எம் போன்றோர் இளமையிலேயே படித்தோம். அதில் தீவென்பது வெற்றிடம். ஒருவன் வந்து வேலியிட்டு, உழுது, எனதென்று சொல்லக் காத்துக் கிடப்பது. பின்னர் அங்கு வரும் இன்னொரு மனிதனோ அவனுக்கு வேலைக்காரன். குரூசோவோடு யாமும் அத்தீவை ஆண்டோம். யாம் எவ்வினத்தார் என்பதை அப்போது எவரும் எமக்குச் சொல்லவில்லை.

நிற்க. குழுவிலுள்ள பெரியவர் ஒருவர் வேறு நியாயங் கூறினார். “1025 இல் இராசேந்திர சோழன் கப்பற்படை செலுத்திக் கடாரங் கொண்டான். அக்கடாரம் நமக்கு வடக்கே கூப்பிடு தொலைவிலுள்ள கெடா. லங்காவிக்குப் போகும் வழியில் மெர்போக் சென்று பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடிப்படைகளையும் பார்த்தால் அதுவே பண்பாடு” என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது. பூஜாங் காணத் தக்கதே, மறுக்கோம். அங்கிருந்த ஒரு சண்டி, வீடுகட்ட நிலந் திருத்தியபோது இடிக்கப்பட்டுவிட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்ததையும், அன்று பலர் கொதித்தெழுந்ததையும் யாம் மறக்கவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். சோழன் ஏறிவந்த கப்பலைப் பேசும்போது நிமிரும் நம் தலை, நம் பாட்டன் பாட்டி ஏறிவந்த கப்பலைப் பேசும்போது ஏன் கவிழ்கிறது? கைதட்டியவருள் சோழன் படையில் வந்தவன் வழியினர் எத்தனை பேர்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஸ்டீமர் ஏறி, மேல்தட்டில் பாய் விரித்து வந்த டெக் பிரயாணிகள் வழியினர் எத்தனை பேர்? ‘ரஜுலா’ என்னும் கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. அதன் பெயரைக் கேட்டுக் கண்கலங்கும் முதியோர் நம் லயங்களில் நேற்றுவரை இருந்தனர். அக்கப்பலுக்குக் கைதட்டல் இல்லை!

டெக் பிரயாணிகள் முதலில் மிதித்த மலாயா மண் எது? பலருக்கு அது பினாங்கு நகரன்று. பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் ஜெரெஜாக் தீவு. 1985 இல் திறந்த முதற் பாலத்தில் பஸ் ஏறிப் போகும்போது தெற்கே திரும்பினால், காடு போர்த்த மேடாக அது தெரியும். பரப்பு சுமார் 362 ஹெக்டேர். மாதம் இருமுறை அதைக் கடந்து சாமான் வாங்கப் போகும் நம்மவரில் அதன் பெயரறிந்தோர் சிலரே. 1868 இல் அது தொழுநோயாளர்க்கென ஒதுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கே குவாரண்டைன் முகாமும் எழுந்தது. கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ இருக்கலாம் என்ற அச்சத்தால், வந்தவர்களை அங்கிறக்கி, உடைகளைச் சுத்திசெய்து, நாட்கணக்கில் வைத்திருந்து பின் விடுவர். நோய் தடுப்பது நியாயமே. ஆனால் காபின் சீட்டு வாங்கிய கனவான்கள் பெரும்பாலும் நேரே துறைமுகத்தில் இறங்கிப் போயினர். நோய்க்கிருமி டிக்கெட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுமோ?

எம் கொள்ளுப்பாட்டியார் அங்கே ஒரு வாரம் இருந்தார். எமக்கு அவர் சொல்லக் கேட்கும் பேறில்லை. பாட்டி வாயிலாகக் கேட்டோம். துன்பம் எதையும் அவர் பெரிதாகச் சொல்வதில்லையாம். சொன்னது ஒன்றே. இரவானால் நீருக்கப்பால் பினாங்கின் விளக்குகள் தெரியுமாம். தம் கிராமத்தில் அத்தனை விளக்கை அவர் கண்டதில்லை. “அம்புட்டும் நமக்குத்தான் ஏத்தி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்” என்பாராம். பிறகு அவர் போய்ச் சேர்ந்தது ரப்பர் தோட்டத்து லயம். அங்கே இரவில் எரிந்தது ஒரு சிம்னி விளக்கு.

இன்னொரு செய்தி. 1914 செப்டம்பர் 22 இல் சென்னையைக் குண்டுவீசிக் கலக்கிய ‘எம்டன்’ கப்பலை அறியாத தமிழரில்லை. தந்திரசாலியை ‘எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். அதே கப்பல் அக்டோபர் 28 இல் பினாங்குத் துறையில் நுழைந்து ‘செம்சுக்’ என்னும் ருஷியக் கப்பலை மூழ்கடித்தது. இறந்த ருஷிய மாலுமிகளுக்குப் பினாங்கு மேற்குச் சாலைக் கல்லறையிலும் ஜெரெஜாக்கிலும் நினைவுக் கற்கள் உள. ருஷியத் தூதரகத்தார் அம்மாலுமிகளை மறவாது வந்து மலர் வைக்கின்றனர். போற்றுவோம்! நூறாண்டு கழிந்தும் தம் மாலுமியைத் தேடிவருகிறது தூரதேசம் ஒன்று. பாலத்துக்குக் கீழே நம் பாட்டிமார் இருந்த தீவுக்கு, அரைமணி நேரத்தில் போகக் கூடிய நாம் போவதில்லை.

பிற தேசத்துத் தீவுகளைப் பாருங்கள். மொரீஷியஸில், 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய படிக்கட்டும் கொட்டடிகளும் ‘அப்ரவாசி காட்’ என்ற பெயரால் காக்கப்பட்டு, 2006 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவுக்கு எதிரிலுள்ள ஏஞ்சல் தீவில், 1910 முதல் 1940 வரை நிறுத்திவைக்கப்பட்ட சீனர் சுவரில் செதுக்கிய கவிதைகளைக் காண இன்று ஜனங்கள் படகேறிப் போகின்றனர். நம் தீவின் கதையோ வேறு. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. 2004 இல் உல்லாச விடுதி. அதுவும் மூடியபின், குடியிருப்பும் கேளிக்கைப் பூங்காவும் எழுப்பும் திட்டங்கள். பழைய கட்டடங்களைக் கொடி தின்கிறது. கொடி விட்டதை நாளை இயந்திரம் தின்னும். அப்போது நாம் கண்ணீர் விட்டு மனு எழுதுவோம். ஒருமுறையாவது போய்ப் பார்த்தீரா என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது?

“விடுமுறையில் துக்க வீட்டுக்கா போவார்கள்? பிள்ளைகள் மகிழ வேண்டாமா?” என்றார் ஒரு தாய். இவ்வாட்சேபம் உண்மையானது, கூட்டத்தில் எம்மை வாயடைத்ததும் இதுவே. வீடு வந்து யோசித்தே விடை கண்டோம். அம்மையீர், பிள்ளைகட்குக் காடு வேண்டுமா? ஜெரெஜாக்கில் காடுண்டு. கடலுயிர் வேண்டுமா? அதற்கும் பினாங்குக்கும் இடையே ‘மிடில் பேங்க்’ என்னுமிடத்தில் கடற்புல் மேடுண்டு; நீர் வற்றும்போது அதன் பசுமை வெளித்தோன்றும். லங்காவித் துறையில் பிரமாண்டமான பருந்துச் சிலையருகே நின்று படமெடுப்பர். இங்கே உயிருள்ள செம்பருந்து தலைக்குமேல் வட்டமிடும், அதற்குக் கட்டணமில்லை. துக்கமென்றீர். கொள்ளுப்பாட்டி விளக்குகளைக் கண்டு வியந்த கதையைக் கேட்டு எம் மகள் அழவில்லை. “அந்த விளக்கு இப்பவும் தெரியுமா?” என்று கேட்டாள். அதைக் காட்டத்தான் அழைத்துப் போக வேண்டுமென்கிறோம்.

எம் திட்டம் இதுவே. காலை ரயிலில் தாசேக் கெலுகோரிலிருந்து பட்டர்வொர்த்; அங்கிருந்து பெர்ரி. பினாங்கில் 1884 இல் அமைத்த தாவரத் தோட்டம், 1833 இல் எழுந்த குவீன் தெரு மாரியம்மன் கோயில். மறுநாள் பாயான் லெப்பாஸ் பக்கத்திலிருந்து படகு பிடித்து ஜெரெஜாக். இறங்க அனுமதி உண்டா என்று முன்பே விசாரிக்க வேண்டும், இல்லையேல் படகிலிருந்தபடியே சுற்றிவர வேண்டும். திரும்புகையில் 2014 இல் திறந்த இரண்டாம் பாலத்தின் வழியே பத்து காவான். அதுவும் ஆறுகள் சூழ்ந்த தீவே என்பதை அங்குள்ள மரச்சாமான் கடைக்கு வாரந்தோறும் போகும் நம்மவர் மறந்தனர். ரப்பருக்கு முன் அங்கே கரும்பு. அதை வெட்டியவர்களில் சஞ்சிக் கூலிகளாக வந்த தமிழரும் உண்டு. அம்முறை 1910 இல்தான் நின்றது. பாரதியார் பீஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களை நினைந்து பாடினார். பத்து காவான் கரும்பை நினைந்து நாம் ஒரு பாட்டாவது கேட்டோமா? இறுதி நாள் மெர்போக், பெரியவர் விருப்பப்படியே. மழை மிகும் செப்டம்பர், அக்டோபரைத் தவிர்த்தல் நலம். செலவு பாலிக்காகுந் தொகையில் சிறுபங்கே. மிச்சத்தில், வர இயலாத தோட்டப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதற் கூட்டத்தில் லங்காவிக்கு ஒன்பது கைகள் உயர்ந்தன, ஜெரெஜாக்குக்கு மூன்று. அவற்றுள் ஒன்று எமது. மற்ற இரண்டும் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்த முதிய தம்பதியருடையவை. அவர்களுக்கு வாக்குரிமை உண்டா என்று ஒருவர் கேட்டதால் முடிவு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, கோயில் மண்டபத்தில்.