தலைவர்களின் தொப்பியும் தலைவர்களின் கருத்தும்

1996-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நியூயார்க் நகரத்தில் சோத்பி என்னும் ஏலக் கம்பெனியார் நான்கு நாள் ஓர் ஏலம் நடத்தினார்கள். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்து 1963-ல் சுட்டுக் கொல்லப்பட்ட கென்னடி என்பவரின் மனைவியார் காலமான பிறகு, அவர் வீட்டில் மிஞ்சிய தட்டுமுட்டுச் சாமான்களே ஏலத்திற்கு வந்தவை. நம் ஊரில் அமீனா ஜப்தி செய்த சாமானை ஏலம் கூறினால் பழைய நாற்காலிக்குப் பழைய நாற்காலியின் விலைதான் கேட்பார்கள். அங்கே நடந்ததோ வேறு. கென்னடி ஆடிய கோல்ப் மட்டைகள் 7 லட்சத்து 72 ஆயிரத்து 500 டாலருக்குப் போயின. அவருடைய சுருட்டுப் பெட்டி 5 லட்சத்து 74 ஆயிரத்து 500 டாலர். வீட்டிலிருந்த வெள்ளிக்கூடு போட்ட ஓர் அளவு நாடா 48,875 டாலர். அம்மையார் அணிந்திருந்த மூன்று சர முத்துமாலை 2 லட்சத்து 11 ஆயிரத்து 500 டாலர். இத்தனைக்கும் அது அசல் முத்துக்கூட அல்ல, போலி முத்து. போலி என்று ஏலக் கம்பெனியாரே சொல்லி, 700 டாலருக்கு மேல் பெறாது என்றும் மதிப்புப் போட்டிருந்தார்கள். நான்கு நாளில் மொத்த வசூல் 3 கோடியே 45 லட்சம் டாலர்!

“பணமுள்ளவன் தன் பணத்தை எப்படியோ செலவு செய்கிறான், உமக்கென்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். அவன் செலவு செய்வதைப் பற்றி நமக்கு வழக்கில்லை. அவன் வாங்கியது என்ன என்பதுதான் நமது கேள்வி. நல்ல மட்டை வேண்டுமானால் கடையில் கிடைக்கும். நல்ல முத்து வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும். போலியென்று தெரிந்தே 2 லட்சம் டாலர் கொடுத்தவன் முத்தை வாங்கவில்லை. அது ஒருவர் கழுத்தில் கிடந்தது என்னும் செய்தியை வாங்கினான். கழுத்தில் கிடந்ததனால் அதில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்னும் எண்ணத்தை வாங்கினான். அந்த ‘ஏதோ ஒன்றை’ தராசில் வைத்து நிறுக்க முடியுமா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியுமா? தெரியாது. பின் எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொருவன் எழுதிக் கொடுக்கும் அத்தாட்சிக் காகிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அத்தாட்சியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். இல்லினாய் மாகாணத்தில் ஆபிரகாம் லிங்கன் பெயரால் ஒரு புத்தகசாலையும் பொருட்காட்சி சாலையும் இருக்கின்றன. அதற்கு உதவியாக உள்ள ஒரு நிதி ஸ்தாபனம் 2007-ல் பெரும் கடன் வாங்கி லிங்கன் சாமான்களை ஒரு சேகரிப்பாளரிடமிருந்து மொத்தமாக வாங்கிற்று. அதில் புகைபோக்கிபோல் நீண்ட கறுப்புத் தொப்பி ஒன்று உண்டு. லிங்கன் தலையில் இருந்த தொப்பி என்று சொல்லி அதற்கு 65 லட்சம் டாலர் மதிப்புப் போட்டார்கள். பிறகு சந்தேகம் எழுந்தது. மரபணுப் பரிசோதனை செய்து பார்த்தும் ஒன்றும் நிச்சயமாகவில்லை. சரித்திர ஆராய்ச்சியாளர் துருவிப் பார்த்ததில், அது லிங்கன் தொப்பிதான் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2019-ல் அறிக்கை வெளியாயிற்று. தொப்பி மாறவில்லை, அதன் மயிர் ஒன்றுகூட உதிரவில்லை. நேற்று மகிமை இருந்த தொப்பியில் இன்று மகிமை இல்லை என்றால், அந்த மகிமை தொப்பியில் இருந்ததா, பார்த்தவன் மனத்தில் இருந்ததா? யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கடனில் மிஞ்சிய பாக்கியை அடைப்பதற்காக, வாங்கிய சாமான்களில் ஒரு பகுதியை அந்த ஸ்தாபனத்தார் 2025 மே மாதம் சிக்காகோவில் ஏலம் விட்டார்கள். 1865-ல் லிங்கன் நாடகக் கொட்டகையில் சுடப்பட்ட இரவு அவர் சட்டைப்பையில் இருந்த, ரத்தக்கறை படிந்த கையுறை ஜோடி ஒன்று ஏறக்குறைய 15 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதற்கு முன் 2020-ல் அவர் தலைமயிர்க் கற்றை ஒன்று 81 ஆயிரம் டாலருக்கு விலை போயிருக்கிறது. மனிதன் தலைக்குள் இருந்த எண்ணங்களைப் புத்தகசாலையில் காசில்லாமல் படிக்கலாம். தலைக்கு மேல் வளர்ந்த மயிருக்கோ 81 ஆயிரம்!

கையெழுத்து வியாபாரம் இதைவிட வேடிக்கையானது. 1833-ல் செய்த ஒரு சட்டப்படி, நிலப் பட்டாக்களில் ஜனாதிபதியின் பெயரை அவருடைய காரியதரிசியே எழுதலாம் என்று ஆயிற்று. கென்னடி காலத்தில் கடிதங்களுக்குக் கையெழுத்துப் போட ஓர் இயந்திரமே இருந்தது. காரியதரிசிகளும் அவர் பெயரை எழுதி அனுப்பினார்கள். ஆகவே ஜனாதிபதியின் கைபட்டது என்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பது இயந்திரம் கிறுக்கியதாகவும் இருக்கலாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவன் பிலடெல்பியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்தைப் போலியாக எழுதி எழுதியே வயிறு வளர்த்தான். இன்று அந்தப் போலிகளையே ‘ஸ்பிரிங் எழுதிய அசல் போலி’ என்று சேகரித்து வைத்துக்கொள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் இந்தப் பைத்தியத்தின் ஆழத்தை என்னவென்று சொல்லுவது?

செத்தவர்கள் பொருளுக்குத்தான் இந்தக் கிராக்கி என்று எண்ணிவிட வேண்டாம். டிரம்ப் என்பவர் ஒரு தடவை ஜனாதிபதியாயிருந்து பதவி இழந்திருந்த காலத்தில், 2023 ஆகஸ்டு மாதம் ஜார்ஜியா மாகாணச் சிறையில் குற்றஞ்சாட்டப்பட்டவராக அவரைப் படம் பிடித்தார்கள். அந்த டிசம்பரிலேயே, தம் உருவம் போட்ட 99 டாலர் படச்சீட்டில் 47 சீட்டு வாங்குகிறவர்களுக்கு, அந்தப் படத்தில் தாம் போட்டிருந்த உடுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தரப்படும் என்று விளம்பரம் வந்தது. அதாவது 4,653 டாலருக்கு ஒரு கந்தல்! மத்திய காலத்து ஐரோப்பாவில் சாமியார்களின் எலும்பையும் அங்கியையும் துண்டு துண்டாய் விற்றவர்கள், அவர்கள் சாகும் வரையிலாவது காத்திருந்தார்கள்.

தோழர்களே! இதைக் கண்டு சிரித்துவிட்டுப் போவதோடு காரியம் முடியவில்லை. பெரியவன் தொட்டால் பொருளுக்குப் பெருமை ஏறும் என்பதை நம்புகிறவன், ‘சிறியவன்’ தொட்டால் பொருளுக்குத் தீட்டு ஏறும் என்பதையும் நம்புவதற்கு எத்தனை தூரம் இருக்கிறது? தொடுவதனால் ஒருவனுடைய குணம் பொருளில் ஒட்டும் என்பதே இரண்டிற்கும் அடிப்படை. ஒரே வேரில் ஒரு கிளை கும்பிடச் சொல்லுகிறது; மற்றொரு கிளை எட்டி நிற்கச் சொல்லுகிறது. தீட்டு என்பது பொய் என்று கண்டவர்கள், இந்தத் ‘தொட்ட மகிமை’யும் பொய் என்று காணத் தயங்கலாகாது.

இதனால் அறிவுக்கு நஷ்டமும் உண்டாகியிருக்கிறது. வாஷிங்டன் 1789-ல் முதன்முதல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோது பேசுவதற்கென்று ஒரு நீண்ட பிரசங்கம் தயாராயிற்று. அறுபதுக்கு மேற்பட்ட பக்கம், அவர் கையாலேயே எழுதப்பட்டது. அதை அவர் பேசவில்லை. வேறு சிறு பிரசங்கம் செய்தார். பேசாமல் விட்ட அந்தப் பிரசங்கம் கிடைத்தால், புதிய ஆட்சியைப் பற்றி அவர் மனத்தில் ஓடியவை முழுவதும் நமக்குத் தெரிந்திருக்கும். அது பின்னாளில் ஜாரட் ஸ்பார்க்ஸ் என்னும் சரித்திராசிரியர் கைக்கு வந்தது. பிற்காலத்தில் ஹார்வர்டு சர்வகலாசாலைக்கே தலைவராயிருந்த இந்தப் பண்டிதர் என்ன செய்தார்? வாஷிங்டன் கையெழுத்து வேண்டுமென்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அதைத் தாள் தாளாகவும், கத்தரியால் வெட்டித் துண்டு துண்டாகவும் பிரசாதம்போல் வழங்கிவிட்டார்! இன்று அத்துண்டுகள் ஏலத்திற்கு வருகின்றன. பிரசங்கமோ முழுதாக இல்லை. கையெழுத்தைக் கும்பிட்டவர்கள் எழுதிய கருத்தைக் கொன்றார்கள்.

பழம்பொருளே வேண்டாம் என்பதா நமது அபிப்பிராயம்? இல்லை. உண்மை சொல்லும் பொருள் எதுவாயினும் காக்கப்பட வேண்டியதே. வாஷிங்டனின் பொய்ப்பல் கட்டு ஒன்று மவுண்ட் வெர்னன் என்னும் அவர் மாளிகையில் இன்றும் இருக்கிறது. மரத்தால் செய்த பல் என்பது அங்கே பிள்ளைகள்கூடச் சொல்லும் கதை. அது கதைதான். அவர் வைத்துக்கொண்ட பல் கட்டுகள் மனிதப் பல், மாட்டுப் பல், தந்தம், ஈயம் இவற்றால் ஆனவை. 1784-ம் வருஷத்து அவர் கணக்குப் புத்தகத்தில், ஒன்பது பல்லுக்காக நீக்ரோக்களுக்கு 6 பவுன் 2 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. அப்பற்கள் அவர் வாயிலேயே வைக்கப்பட்டனவா என்பதை அந்த வரி சொல்லவில்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல உரிமையில்லாத அடிமைகளின் வாயிலிருந்து பல் விலைக்கு வாங்கப்பட்டது என்பதைச் சொல்லுகிறது. அவர் இறந்த 1799-ல் அந்தப் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். சுதந்திரப் போரின் சேனாபதியைப் பற்றி இந்த ஒரு கணக்கு வரி சொல்லும் உண்மையை, அவருடைய ஆயிரம் பொத்தான்களும் கொக்கிகளும் சொல்லுமா? பொத்தானைக் கும்பிடுகிறவனுக்குக் கணக்குப் புத்தகம் பிடிக்காது. ஏனெனில் கணக்குப் புத்தகம் கேள்வி கேட்கும்.

ஆகவேதான் ஜனாதிபதியின் காகிதங்கள் யாருடைய சொத்து என்பது முக்கியமான விஷயமாகிறது. வெகு காலம் வரை அவை அவர்களுடைய சொந்தச் சொத்தாகவே கருதப்பட்டன. வாஷிங்டன் காகிதங்களை அவர் குடும்பத்தாரிடமிருந்து அமெரிக்க சர்க்கார் 1834-லும் 1849-லும் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. 1974-ல் தம் ஊழல் வெளிப்பட்டுப் பதவியை விட்ட நிக்சன், தம் அறையில் பதிவான பேச்சு நாடாக்களும் தமக்கே சொந்தம் என்றார். உடனே காங்கிரஸ் சபை சட்டம் செய்து அவற்றைப் பறிமுதல் செய்தது. அப்படியும் 2000-ல் நிக்சன் குடும்ப எஸ்டேட்டுக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது. ஜனங்கள் சம்பளம் கொடுத்து வைத்த வேலைக்காரன், ஜனங்களின் வீட்டில் உட்கார்ந்து பேசியதற்கு, ஜனங்களே விலை கொடுத்தார்கள்! 1978-ல்தான், 1981 ஜனவரி முதல் பதவிக்கு வரும் ஜனாதிபதிகளின் உத்தியோகக் காகிதங்கள் பொதுச் சொத்து என்று சட்டமாயிற்று. பதவி நீங்கி ஐந்து வருஷமானால் பொதுமக்கள் அவற்றைக் கேட்கலாம். சில வகைகளைப் பன்னிரண்டு வருஷம் வரை மூடி வைக்கலாம். சட்டம் வந்தும், 2022 ஜனவரியில் டிரம்ப் அவர்களின் புளோரிடா வீட்டிலிருந்து தேசிய ஆவணக் காப்பகத்தார் 15 பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. கையுறைக்காக ஏலத்தில் கூச்சல் போடுகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பெட்டிகளுக்காகக் கூச்சல் போட்டார்கள்?

கடைசியாக ஒரு காகிதத்தின் கதையைச் சொல்லுகிறோம். 1863 ஜனவரி முதல் தேதி, கலகம் செய்த மாகாணங்களிலுள்ள அடிமைகள் விடுதலையானார்கள் என்று லிங்கன் பிரகடனம் செய்தார். காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணம் திரட்ட அதே வருஷம் சிக்காகோவில் ஒரு சந்தை நடந்தது. அதை நடத்திய பெண்கள் பிரகடனத்தின் கையெழுத்துப் பிரதியைக் கேட்டார்கள். அதைத் தாமே வைத்துக்கொள்ள ஆசைதான் என்றாலும், சிப்பாய்களின் துயரம் தீர உதவுமானால் அதுவே மேல் என்று எழுதி லிங்கன் கொடுத்துவிட்டார். 3,000 டாலருக்கு அது விலை போயிற்று. அடுத்த வருஷம் பிலடெல்பியா சந்தைக்காக 48 பிரதிகள் அச்சிட்டு, அவர் கையெழுத்தும் வைத்து, பிரதி 10 டாலர் என்று விற்றார்கள். எல்லாம் விற்கக்கூட இல்லை. அவற்றில் ஒன்றை 1964-ல் ராபர்ட் கென்னடி 9,500 டாலருக்கு வாங்கினார். அதே பிரதி 2010 டிசம்பரில் ஏறக்குறைய 38 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

சிக்காகோவுக்குக் கொடுத்த அந்தக் கையெழுத்துப் பிரதி என்னவாயிற்று? 1871-ல் அந்நகரத்தையே எரித்த பெருந்தீயில் எரிந்து சாம்பலாயிற்று. அதனால் விடுதலை பெற்றவர்களில் ஒருவனாவது மறுபடி அடிமையானானா? இல்லை. ஏனெனில் 1865-லேயே அது அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தமாக ஏறிவிட்டது. காகிதம் எரிந்தது, கருத்து எரியவில்லை. பிற்காலத்தில் அம்மக்களுக்கு ஓட்டுரிமையையும் சம உரிமையையும் பறித்தவர்கள்கூட எந்தக் காகிதத்தையும் எரிக்கவில்லை. அதில் எழுதியிருந்ததை நடத்தாமல் விட்டதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

ஆகவே, ஒரு தலைவரிடம் மதிப்புக் கொள்ளுவதற்கு அவர் செருப்பும் தொப்பியும் நமக்கு வேண்டியதில்லை. அவர் என்ன சொன்னார், என்ன செய்தார், எங்கே தவறினார் என்று காட்டும் காகிதம் நமக்கு வேண்டும். அது ஏலக்காரன் பெட்டியில் இல்லாமல் எவரும் படிக்கும் பொது இடத்தில் இருக்க வேண்டும். 1789-ம் வருஷத்துச் சட்டங்கள் அடங்கிய வாஷிங்டனின் சொந்தப் புத்தகம் ஒன்று 2012-ல் 98 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஜனாதிபதிக்கு என்னென்ன அதிகாரம், என்னென்ன கடமை என்று அரசியல் சட்டத்தின் ஓரத்தில் அவரே குறித்து வைத்துக்கொண்ட புத்தகம் அது. மவுண்ட் வெர்னன் மாளிகையைக் காக்கும் சங்கத்தார் அதை வாங்கி அங்கேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். விலை அதிகம்தான். ஆயினும் அதிகாரத்துக்கு வந்தவன் தன் அதிகாரத்தின் எல்லை எதுவென்று தேடி ஓரத்தில் கோடு போட்டிருக்கிறான் என்பது, அடுத்து வருகிற ஒவ்வொருவனையும் கேள்வி கேட்க ஜனங்களுக்கு உதவும். கையுறை எவனைக் கேள்வி கேட்கும்?