54-ஆ, 60-ஆ? டீன் டைட்டன்ஸின் பிறந்தநாள் தகராறு

அமெரிக்க காமிக்ஸ் சேகரிப்பவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். "டீன் டைட்டன்ஸ் குழு முதன்முதலில் வந்தது எந்த இதழில்?" அவ்வளவுதான். அப்புறம் அந்த இடம் சந்தைக்கடை ஆகிவிடும்.

ஒரு கட்சி, "தி பிரேவ் அண்ட் தி போல்ட்" 54-ம் இதழ் என்று சொல்லும். இன்னொரு கட்சி அதே பத்திரிகையின் 60-ம் இதழ் என்று சொல்லும். விலைப்பட்டியல் புத்தகங்களும், காமிக்ஸைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து மார்க் போடும் நிறுவனங்களும் முதல் கட்சியில் இருக்கின்றன. அதனால் பெரும்பாலானோர் கேள்வி கேட்காமல் அதையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் சொல்வதால் ஒரு விஷயம் சரியாகிவிடாது. சரியான விடை 60. ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், நடந்தது என்ன என்று பார்த்துவிடுவது நல்லது.

நடந்தது என்ன?

1964, ஜூன்-ஜூலை என்று அட்டையில் போட்டு வந்தது 54-ம் இதழ். கதை பாப் ஹேனி, படம் புரூனோ பிரமியானி. ஹாட்டன் கார்னர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆகவில்லை; பிள்ளைகளுக்கு ஒரு மன்றக் கட்டடம் வேண்டும், அதுதான் சண்டை. பஞ்சாயத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள். பேட்மேனின் சிஷ்யப்பிள்ளை ராபின், ஃப்ளாஷின் சிஷ்யப்பிள்ளை கிட் ஃப்ளாஷ், அக்வாமேனின் சிஷ்யப்பிள்ளை அக்வாலாட். வந்து பார்த்தால் ஊரின் இளைஞர்களையே காணவில்லை. மிஸ்டர் ட்விஸ்டர் என்ற வில்லன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் முன்னோருக்கு ஊர் கொடுக்க வேண்டிய பழைய வாடகை பாக்கி என்று அவன் ஒரு நியாயம் வைத்திருக்கிறான். மூன்று பேரும் சேர்ந்து அவனை அடக்குகிறார்கள். சுபம்.

இந்த இதழின் அட்டையிலோ உள்ளேயோ "டீன் டைட்டன்ஸ்" என்ற பெயர் எங்கேயும் கிடையாது.

சரியாக ஒரு வருடம் கழித்து, 1965 ஜூன்-ஜூலையில் 60-ம் இதழ் வருகிறது. அதே ஹேனி, அதே பிரமியானி. இப்போது அட்டையிலேயே டீன் டைட்டன்ஸ் என்ற பெயர். மூன்று பேர் நான்கு பேராகிவிட்டார்கள். வொண்டர் கேர்ளும் இருக்கிறாள். அதே வருடம் நவம்பர்-டிசம்பரில் "ஷோகேஸ்" 59-ல் மறுபடி வருகிறார்கள். 1966 ஜனவரி-பிப்ரவரியில் தனிப் பத்திரிகையே வந்துவிடுகிறது.

இதுதான் மொத்தக் கதை. இதில் எது பிறந்தநாள்?

பெயர் வைக்கும் முன்பே குழந்தை பிறந்துவிடாதா?

54 கட்சிக்காரர்களின் பிரம்மாஸ்திரம் இதுதான். குழந்தை பிறந்து சில நாள் கழித்துத்தான் பெயர் வைக்கிறோம். அதற்காகப் பெயர் வைத்த நாளையா பிறந்தநாள் என்று கொண்டாடுகிறோம்? கேட்பதற்கு ரொம்ப நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கிளறிப் பார்த்தால் ஓட்டை தெரியும்.

குழந்தை பிறந்தால் மறுநாளும் அது வீட்டில் இருக்கும். அழும், தூங்கும், யாரையும் தூங்க விடாது. 54-ம் இதழுக்கு மறுநாள் அங்கே என்ன இருந்தது? ஒன்றுமில்லை. வந்த மூன்று பேரும் வந்த வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். ஒரு வருடத்துக்கு அந்தக் கூட்டணி பத்திரிகையில் தலைகாட்டவே இல்லை. கல்யாண வீட்டில் சந்தித்து, சேர்ந்து பந்தி பரிமாறிவிட்டுப் போன மூன்று பேரை "சமையல் கான்டிராக்ட் கம்பெனி தொடங்கினார்கள்" என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1963 அக்டோபர்-நவம்பரில் வந்த 50-ம் இதழிலிருந்து "தி பிரேவ் அண்ட் தி போல்ட்" பத்திரிகையின் தொழிலே இதுதான்: இந்தக் கதாபாத்திரத்தையும் அந்தக் கதாபாத்திரத்தையும் ஒரு கதையில் கோர்த்துவிடுவது. 50-ல் கிரீன் ஆரோவும் மார்ஷியன் மேன்ஹன்டரும். 51-ல் அக்வாமேனும் ஹாக்மேனும். 53-ல் ஆட்டமும் ஃப்ளாஷும். 55-ல் மெட்டல் மென்னும் ஆட்டமும். இந்த வரிசையில் நடுவே உட்கார்ந்திருக்கிறது 54. "கிட் ஃப்ளாஷ், அக்வாலாட், ராபின்" என்று தனித்தனிப் பெயர்களாகத்தான் அறிமுகம்.

மூன்று பேர் இருந்தார்களே, அது குழுதானே என்று கேட்டால், இரண்டு இதழ் முன்னால் 52-ஐப் புரட்டிப் பாருங்கள். அதிலும் சார்ஜன்ட் ராக், ஜெப் ஸ்டூவர்ட், ஜானி கிளவுட் என்று மூன்று போர்க்கள வீரர்கள் சேர்ந்து வருகிறார்கள். அதை ஒரு குழுவின் முதல் தோற்றம் என்று எந்த விலைப்பட்டியலும் கொண்டாடவில்லை. 54-க்கு மட்டும் ஏன் மாலை மரியாதை? பின்னால் என்ன வந்தது என்று தெரிந்துகொண்டு முன்னால் போய்ப் பட்டம் கட்டுகிறார்கள். அது வரலாறு எழுதுகிற முறை இல்லை. ஜெயித்த பிறகு "அன்னிக்கே தெரியும்" என்று சொல்கிற முறை.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு

சரி, "சேர்ந்து சண்டை போட்டால் குழு, பெயர் முக்கியமில்லை" என்பதுதான் விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விதியை எல்லோருக்கும் சமமாகப் போடுகிறார்களா? அங்கேதான் வேடிக்கை.

மார்வெலின் டிஃபெண்டர்ஸை எடுத்துக்கொள்ளலாம். 1971-ல் "சப்-மரைனர்" 34, 35 இதழ்களில் நேமோர், ஹல்க், சில்வர் சர்ஃபர் மூன்று பேரும் கைகோத்து அவெஞ்சர்ஸையே எதிர்க்கிறார்கள். எழுதியவர் ராய் தாமஸ். அதே வருடக் கடைசியில் "மார்வெல் ஃபீச்சர்" முதல் இதழில், அதே ராய் தாமஸ் கதையில், நேமோரும் ஹல்க்கும் டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் டிஃபெண்டர்ஸ் என்ற பெயரோடு வருகிறார்கள். சில்வர் சர்ஃபரும் அடுத்த வருடம் வந்து ஒட்டிக்கொள்கிறார். அதே எழுத்தாளர், பாதிக்குமேல் அதே ஆட்கள், பெயர் மட்டும் பின்னால் வந்தது. டைட்டன்ஸ் கதையின் ஜெராக்ஸ் காப்பி மாதிரி இல்லை?

இங்கே சேகரிப்பாளர்கள் என்ன தீர்ப்பு சொல்கிறார்கள்? "மார்வெல் ஃபீச்சர் 1 தான் முதல் தோற்றம், சப்-மரைனர் 34, 35 வெறும் முன்னுரை." அருமையான தீர்ப்பு. அதே தராசில் 54-ஐ வைத்தால் அதுவும் முன்னுரைதானே? டிஃபெண்டர்ஸுக்கு ஒரு நியாயம், டைட்டன்ஸுக்கு ஒரு நியாயம்!

டைட்டன்ஸுக்குள்ளேயே கூட இந்தக் குழப்பம் உண்டு. 2003 முதல் 2006 வரை ஓடிய கார்ட்டூன் தொடரில் வந்தார்களே ராபின், ஸ்டார்ஃபயர், சைபோர்க், ரேவன், பீஸ்ட் பாய். அந்தக் கூட்டணி 1980-ல் மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் உருவாக்கிய புதிய குழுவிலிருந்து எடுத்தது. அந்தக் குழு முதலில் வந்தது "டிசி காமிக்ஸ் பிரசன்ட்ஸ்" 26-ல், 1980 அக்டோபரில், 16 பக்க இலவச இணைப்பாக. அதில் ராபின் காண்பது இன்னும் உருவாகாத ஒரு குழுவின் காட்சியை. கதைப்படி குழு கூடுவது அடுத்த மாதம் வந்த "தி நியூ டீன் டைட்டன்ஸ்" முதல் இதழில்தான். ஆனாலும் முதல் தோற்றம் என்று 26-ஐத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், சரியாகவே சொல்கிறார்கள். ஏன்? அங்கேதான் அந்தப் பெயரும் அந்த ஆட்களும் முதல்முதலாகச் சேர்ந்து அச்சில் வந்தார்கள். ஆக 1980-க்குப் பெயர் வேண்டும், 1964-க்குப் பெயர் வேண்டாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

நான்காவது ஆள்

"54-ஆ 60-ஆ, எதுவாக இருந்தால் என்ன? வேலை இல்லாதவர்கள் சண்டை" என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

54 என்று சொன்னால் இந்தக் குழுவைத் தொடங்கியவர்கள் மூன்று பையன்கள். பெண் பிறகு வந்து சேர்ந்தவள். 60 என்று சொன்னால் தொடங்கியவர்கள் நான்கு பேர், அதில் ஒருத்தி பெண். ஒரு எண்ணை மாற்றினால் ஒரு ஆளின் இடம் மாறிவிடுகிறது.

60-ம் இதழில் வொண்டர் கேர்ளைக் குழுவில் சேர்த்துக்கொள்ளும் காட்சி என்று தனியாக எதுவும் கிடையாது. விண்ணப்பம் போட்டு, பரீட்சை எழுதி, பையன்கள் தலையாட்டிச் சேர்த்துக்கொண்டதாகக் கதை சொல்லவில்லை. டீன் டைட்டன்ஸ் என்ற பெயர் வரும்போதே அவளும் இருக்கிறாள். அவள் இல்லாத டீன் டைட்டன்ஸ் என்று ஒன்று அதற்கு முன் அச்சில் வந்ததே இல்லை. பிறகு எப்படி அவள் "பின்னால் சேர்ந்தவள்" ஆனாள்? 54-ஐ முதல் இதழ் ஆக்கியதால்தான் ஆனாள்.

இன்னும் ஒரு சுவாரஸ்யம். அதுவரை வொண்டர் கேர்ள் என்பது வேறு யாருமில்லை, வொண்டர் உமனின் சின்ன வயது உருவம். ராபர்ட் கானிகர் எழுதிய வொண்டர் உமன் கதைகளில் சின்னவளும் பெரியவளும் ஒரே கதையில் சேர்ந்து வருவதுபோல் ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. ஹேனி அவளைத் தனி ஆளாகவே எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். அப்படியானால் இவள் யார் என்ற கேள்விக்குப் பதில் வர 1969 ஆயிற்று. டீன் டைட்டன்ஸ் 22-ம் இதழில் மார்வ் வுல்ஃப்மன் அவளுக்கு ஒரு பூர்வகதையும் டானா டிராய் என்ற பெயரும் கொடுத்தார். ஆக, தனி ஆளாக அவளுடைய முதல் தோற்றமே 60-ம் இதழ்தான். பல பத்தாண்டுகளாக இந்தக் குழுவின் முதுகெலும்பாக இருக்கும் ஒருத்தி பிறந்த இதழுக்கு "இரண்டாவது தோற்றம்" என்று முத்திரை குத்தி ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

மிச்சம் இருக்கும் வாதங்கள்

"டிசி கம்பெனியே 2003-ல் போட்ட தொகுப்பை 54-லிருந்துதானே தொடங்கியிருக்கிறது?" தொடங்கியிருக்கிறது. ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றில் முதல் அத்தியாயம் அவருடைய அப்பா அம்மா கல்யாணமாக இருக்கும். அதற்காகக் கல்யாண நாளை அவருடைய பிறந்தநாள் என்று போஸ்டர் அடிக்க முடியாது. முன்கதை தெரிய வேண்டும் என்று சேர்ப்பது வேறு, அதுவே தொடக்கம் என்பது வேறு.

"60-ல் அவர்கள் ஏற்கெனவே ஒரு குழுவாகத்தானே வருகிறார்கள்? அப்படியானால் அதற்கு முன்பே உருவாகியிருக்க வேண்டுமே?" கதைக்குள் நடப்பதும் அச்சில் வருவதும் ஒன்றில்லை. இதே பத்திரிகையின் 28-ம் இதழில், 1960-ல், ஜஸ்டிஸ் லீக் முதன்முதலில் வந்தபோதும் ஏற்கெனவே உருவான குழுவாகத்தான் வந்தது. எப்படி உருவானது என்ற கதை 1962-ல் அவர்களுடைய சொந்தப் பத்திரிகையின் 9-ம் இதழில்தான் வந்தது. சூப்பர்மேனும் பேட்மேனும் 1954-லிருந்தே "வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்" பத்திரிகையில் ஜோடி போட்டுக் கொண்டிருந்தார்கள். அதைத் தோண்டியெடுத்து "இதுதான் ஜஸ்டிஸ் லீக்கின் முதல் இதழ்" என்று யாரும் சொல்லவில்லையே. கதைக்குள் நடந்ததுதான் கணக்கு என்றால் 54-க்கும் ஆபத்துதான். டைட்டன்ஸ் உருவான கதை என்று வேறொன்றை 1978-ல் 53-ம் இதழில் சொல்லிவிட்டார்கள். அதை என்ன செய்வது?

"54 இல்லாமல் 60 வந்திருக்குமா?" வந்திருக்காது. இதை மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரியவர்கள் நிழல் இல்லாமல் சிஷ்யப்பிள்ளைகள் மட்டும் தனியாக ஒரு ஊரின் பிள்ளைகளுக்கு உதவப் போவது என்ற விதை ஹாட்டன் கார்னர்ஸில் போட்டதுதான். ஹேனிக்கும் பிரமியானிக்கும் அந்தப் பெருமை சேர வேண்டும். இரண்டு இதழும் அவர்கள் கைவேலை என்பதால் 60-ஐ முதல் என்று சொன்னாலும் அவர்கள் பெருமையில் ஒரு குண்டுமணி குறையாது. குறையப்போவது 54-ஐப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்களின் கணக்கு மட்டும்தான்.

உண்மையில் இந்தச் சண்டை ஏன் தீரவில்லை என்பதற்கு விடையும் அதுதான். பிளாஸ்டிக் உறையின் மேல் லேபிளில் "முதல் தோற்றம்" என்ற இரண்டு வார்த்தை இருந்தால் ஒரு விலை, "இரண்டாவது தோற்றம்" என்றிருந்தால் வேறு விலை. ஒருமுறை லேபிள் அடித்து, அதை நம்பிக் காசு கொடுத்து வாங்கியவர்கள் நிறைந்துவிட்டால், திருத்துவது கஷ்டம். சந்தைக்கு விலை வைக்கும் உரிமை இருக்கிறது. வரலாறு எழுதும் உரிமையை அதற்கு யார் கொடுத்தது?

ஒரு குழுவின் முதல் தோற்றம் எது என்று முடிவு செய்ய மூன்று கேள்வி போதும். ஒன்று, ஒரு பெயரின் கீழ் வருகிறார்களா? இரண்டு, அந்தக் கதைக்காக மட்டும் கூடியவர்களா, குழு என்றே தங்களை நினைப்பவர்களா? மூன்று, பின்னால் வந்த தொடர்ச்சி அங்கிருந்து அறுபடாமல் ஓடுகிறதா? 54-க்கு மூன்றுக்கும் இல்லை என்றே பதில். 60-க்கு மூன்றுக்கும் ஆமாம். ஷோகேஸ், தனிப் பத்திரிகை என்று அடுத்த ஏழு மாதத்தில் நடந்த எல்லாமே 60-லிருந்து வந்த வரிசை.

54-க்கு "முன்னோடி" என்று லேபிள் ஒட்டுங்கள். அது கௌரவமான வார்த்தைதான். 60-க்கு "முதல் தோற்றம்" என்று ஒட்டுங்கள். அங்கே அட்டையில் நிற்பவர்கள் நான்கு பேர்.