நெக் ரிப் வைக்கத் தெரியுமா?



நம்மில் எத்தனை பேருக்கு ஒரு டீ-சர்ட்டுக்கு ஒழுங்காக நெக் ரிப் வைக்கத் தெரியும்? கோபம் வேண்டாம், எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கணக்கு மட்டும் தெரியும். கழுத்து வட்டம் 50 செ.மீ. என்றால் ரிப்பைச் சுமார் 42 செ.மீ. வெட்ட வேண்டும். இழுத்துத் தைத்தால், பிறகு சுருங்கிக் கழுத்தோடு படியும். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியாயிற்று!

விடுமுறையில், திருப்பூரில் எங்கள் தெரு ஜாப் ஒர்க் மிஷினில் ஒரு பீஸ் தைத்துப் பார்த்தேன். ரிப்பை வளையமாக மூட்டி, இரண்டாக மடித்து, நான்கு சம பாகமாகப் புள்ளி வைத்தேன். பாடியில் முன் நடு, பின் நடு, இரண்டு தோள் தையல் என்று புள்ளி வைத்து ஓவர்லாக் ஓட்டினேன். முன்கழுத்து சுருக்கம் சுருக்கமாக வந்தது. பின்கழுத்தோ தொளதொளவென்று நின்றது!

அம்மா இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் டைலர். கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பீஸைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, முன்கழுத்தும் பின்கழுத்தும் ஒரே நீளமா? தோள் தையல விட்டுட்டு வட்டத்த நாலா மடிச்சுப் புள்ளி வை. ரிப்ப மட்டும் இழு, பாடிய இழுக்காத."

அளந்தேன். முன்கழுத்து 30, பின்கழுத்து 20! இரண்டுக்கும் நான் கொடுத்த ரிப் 21, 21. கம்பெனியில் புள்ளி வைக்கவெல்லாம் நேரம் ஏது? அம்மாவுக்குக் கையே ஸ்கேல்.

ஆனால் என் மனதை உறுத்துவது வேறு. ரிப் துணி ரோலில் இழுபட்டபடியே சுற்றியிருக்கும். பிரித்து ஆறப்போடாமல் வெட்டினால், வெட்டியபின் சுருங்கி 42 என்பது 40 ஆகிவிடும். அதை எவ்வளவு கெட்டிக்கார டைலர் வைத்தாலும் சுருக்கம் விழத்தான் செய்யும். தப்பு கட்டிங்கில். ஆல்டர் பீஸ் திரும்பி வருவதோ டைலரிடம்! பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குப் பிரித்துத் தைக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது.

நாளை அந்தச் செக்கிங் டேபிளில் நிற்கப் போவது நாம்தான். வெட்டிய ரிப்பை ஒரு தடவை அளந்து பார்ப்போமா, இல்லை எடுத்தவுடன் டைலரைத் திட்டுவோமா? ஒரு கம்பெனியில் டிப்ளமோ முடித்த ஒருத்தர், "ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்று எல்லார் முன்னாலும் அம்மாவைக் கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "நீயும் வேலைக்குப் போனா இப்பிடித்தான் பேசுவியா சாமி?" எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே என் தாழ்மையான கருத்து இது. செமஸ்டருக்கு ஒரு நாளாவது அனுபவமுள்ள டைலர் ஒருவரை நம் லேபுக்கு அழைத்துப் பாடம் எடுக்கச் சொல்ல வேண்டும். மேஜை ஓரத்தில் நிற்க வைத்து அல்ல, ஆசிரியராக, உரிய சம்பளம் கொடுத்து.

அம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமையா இருந்தா வாரேன். மத்த நாள்னா ஷிப்ட் போயிருமே கண்ணு" என்றார்.

— இரண்டாமாண்டு மாணவன், பின்னலாடைத் தொழில்நுட்பம்