புளிப்பைத் தாங்கும் சிற்றுயிர்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில் இரு வகைப் பால் உறைவதைக் காணலாம். மரத்திலிருந்து சேகரித்த பாலில், நீர் கலந்த போமிக் அமிலத்தைச் சேர்த்து உறையவைப்பர். லயத்து அடுப்பங்கரையிலோ, காய்ச்சி ஆறிய பசும்பாலில் ஒரு கரண்டி உறைமோரை ஊற்றிவைப்பர். விடியும்போது அது தயிராகியிருக்கும். முன்னதற்கு அமிலம் போத்தலிலிருந்து வருகிறது. பின்னதற்கு அதை ஆக்கித் தருவது எது?

கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாக்களே. அவை பாலிலுள்ள இலற்றோசு என்னும் வெல்லத்தை உண்டு, இலற்றிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. புதுப் பாலின் பீ.எச். அளவு ஏறத்தாழ 6.6. அது 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசீன் என்னும் புரதம் திரண்டுவிடும். ஓர் எண் இறங்கினால் ஐதரசன் அயன்களின் செறிவு பத்து மடங்காகும். இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்காகும்.

தாம் ஆக்கிய புளிப்பிலே தாமே மாண்டுபோகாமல் அவை தப்புவது எங்ஙனம்? கலத்தினுள் புகும் ஐதரசன் அயன்களை வெளியே தள்ளும் நொதியம் ஒன்று அவற்றின் மென்சவ்வில் அமைந்துள்ளது. தோணியில் ஏறிய நீரை இறைப்பது போன்ற இவ்வேலைக்குச் சக்தி செலவாகும். மென்சவ்வின் கொழுப்பமிலங்களையும் அவை மாற்றியமைத்துக் கொள்கின்றன. உருக்குலையும் புரதங்களைச் சீர்செய்யத் துணைப் புரதங்களை ஆக்குகின்றன. சில இனங்கள் ஆர்ஜினீன் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து, அமோனியாவை உண்டாக்கிப் புளிப்பைத் தணிக்கின்றன. இறப்பர்ப் பால் தானே உறைந்துவிடாதிருக்கச் சேர்ப்பதும் அமோனியாவே அன்றோ!

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. மென்மையான புளிப்பிலே சிறிது நேரம் பழகியவை, பின்னர் வரும் கடும் புளிப்பையும் தாங்குகின்றன. பழகாதவற்றைத் திடீரென அதிலிட்டால் பெரும்பாலும் மடிகின்றன. பாற்கட்டி செய்வதற்குரிய பற்றீரியாக்களிலும் ஆராய்ச்சியாளர் இப்பண்பைக் கண்டுள்ளனர்.

"கடையில் விற்கும் புரோபயாட்டிக் பானத்தை வாங்கிக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு நல்லதா?" என்று பால் வெட்டும் தாய் ஒருவர் எம்மிடம் வினவினார். புளித்த பால் ஆயுளை வளர்க்கும் என்று கூறியவர், 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிக்கோவ். ஆயினும், வெறும் இரைப்பையின் பீ.எச். அளவு 2ஐ ஒட்டியது. தயிரினும் பன்மடங்கு கடுமையானது. தயிர்ப் பற்றீரியாக்களிற் பல அங்கேயே மடிகின்றன. புரோபயாட்டிக் பானங்களுக்கு அப்புளிப்பைக் கடக்கவல்ல இனங்களைத் தெரிந்தெடுக்கின்றனர்.

அதனால் சட்டித் தயிர் பயனற்றதாகிவிடாது. பாலின் புரதமும் கல்சியமும் அதில் உள்ளன. இலற்றோசு ஓரளவு குறைந்திருப்பதால், பால் குடித்து வயிறு உப்புவோர் பலருக்கும் அது எளிதிற் செரிக்கும். நாட்கூலியில் ஒரு பங்கைப் போத்தலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றே அத்தாய்க்குக் கூறினோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை சிலவே. பாலை நன்கு காய்ச்சுக; சட்டியையும் கரண்டியையும் கொதிநீரிற் கழுவுக; உறைந்த தயிரைக் குளிர்ந்த இடத்தில் வைக்குக. உறைமோரைப் புதுத் தயிரிலிருந்தே எடுக்க வேண்டும். பல நாள் புளித்த தயிரில் பற்றீரியாக்களிற் பல மடிந்திருக்கும். பழக்கம் புளிப்பைத் தாங்கும் வலிமையைத் தரும். ஆனால் அவ்வலிமைக்கும் ஓர் எல்லையுண்டு.