வேகம் மட்டும்தான் ஷ்ரெட்டா?

‘ஏஐ எதில் தோற்றாலும் ஷ்ரெட் கிட்டாரில் தோற்காது’ என்றொரு பேச்சு பரவிக் கிடக்கிறது. மூச்சுவிடாமல் ஸ்வரம் கொட்டும் அந்த வாசிப்பை என்றுமே பிடிக்காதவர்களும் இதைச் சொல்கிறார்கள். சுனோ, யூடியோ என்ற ஏஐ இசைச் செயலிகளில் நாலு வரி தட்டிவிட்டு இசையமைப்பாளர் ஆகிவிட்டவர்களும் சொல்கிறார்கள். ஷ்ரெட் என்றால் வேகம், வேகம் என்றால் எந்திரத்தின் வேலை. கணக்கு முடிந்ததாம்.

வேகம்தான் விஷயம் என்றால் அந்தக் கணக்கு எப்போதோ முடிந்திருக்க வேண்டும். மெக்சிகோவில் வாழ்ந்த கான்லன் நான்கரோ, காகிதச் சுருளில் துளையிட்டு, தானே இயங்கும் பியானோக்களை மனித விரல் எட்டாத வேகத்தில் ஓடவிட்டவர். 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை அது. 1983இல், கணினியும் இசைக்கருவியும் பேசிக்கொள்ளும் மிடி முறை வந்தது. அதன்பின் எந்தக் கணினியும் எந்தக் கிட்டார்காரரையும் முந்தும். ஆனால் அடுத்த ஆண்டு ஷ்ரெட் கிட்டார்காரர் மால்ம்ஸ்டீனின் ‘ரைசிங் ஃபோர்ஸ்’ ஆல்பம் வந்தபோது, கிட்டார் பையன்கள் அதன் பின்னால்தான் ஓடினார்கள்.

1978இல் வந்த ‘எரப்ஷன்’ என்ற தனிக் கிட்டார் வாசிப்பு 1 நிமிடம் 42 நொடிதான். எட்டி வான் ஹேலன் கையில் இருந்தது, அவரே உதிரிப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கிட்டார். பிக்கப் கீச்சிடாமலிருக்க அதை உருக்கிய மெழுகில் முக்கியெடுத்தார். ஆம்புக்குப் போகும் மின்னழுத்தத்தை வேரியாக் என்ற மின்மாற்றி வைத்துக் குறைத்து அந்தத் தொனியைப் பிடித்தார். கடைசியில் வலக்கை விரலும் ஃப்ரெட்டில் ஏறித் தட்டுகிறது. அந்தப் பதிவில் ஒரு தப்பு இருப்பதாகப் பின்னால் அவரே சொன்னார். யார் கவலைப்பட்டார்கள்? ஆறு கம்பிக்குள் இவ்வளவா என்ற மலைப்புக்குத்தான் ஜனம் வாய் பிளந்தது.

ஏஐயிடம் ‘காது கிழிய, உச்சகட்டம், அடங்காத வெறி’ என்றெல்லாம் நானும் கேட்டுப் பார்த்தாயிற்று. முதல் சில நொடி அசத்தல்தான். பிறகு பிக் கம்பியில் படும் ‘டிக்’ தேய்ந்து ஸ்வரங்கள் கூழாகின்றன. கை கிட்டார் கழுத்தின் கீழிருந்து மேலே தாவ வேண்டிய இடத்தில் தாவலே கேட்பதில்லை. பெண்ட் செய்த ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போய் நிற்கிறது. கம்பி முரண்டு பிடிப்பதே இல்லை. எப்படிப் பிடிக்கும்? ஏஐ கற்றது பதிவான ஒலியைத்தான், கம்பியையும் ஃப்ரெட்டையும் அல்ல. ‘வரம்பை மீறு’ என்றால், ஏற்கெனவே மீறியவர்கள் எல்லாரையும் கலக்கிச் சராசரியாக ஊற்றித் தருகிறது. அதற்கென்று மீற ஒரு வரம்பும் இல்லை.

விளையாடிப் பார்ப்பதில் தப்பில்லை; ஏழு கம்பிக் கிட்டாரோடு தவிலைச் சேர்க்கச் சொல்லிச் சிரிக்கலாம். ‘இனிமேல் கிட்டார் கற்பது வீண்’ என்று பிள்ளைகளிடம் சொல்வதுதான் அநியாயம். அந்த ஏஐ கற்றதே மனிதர்கள் வாசித்த பதிவுகளில்தான். 2024 ஜூனில் பெரிய ரெக்கார்டு நிறுவனங்கள் சுனோ மீது பதிப்புரிமை வழக்குப் போட்டன. கோடிக்கணக்கான பதிவுகளை வைத்துப் பயிற்சி கொடுத்ததைச் சுனோ தன் பதில்மனுவில் மறுக்கவில்லை. அது நியாயமான பயன்பாடு என்றுதான் வாதிட்டது. கிட்டார்காரர்கள் இனி தேவையில்லை என்பவர்கள் அந்த மனுவையாவது ஒருமுறை படிக்கட்டும்.